சொந்த ஊர் எதுங்க?

சூப் குடித்து முடித்த கிண்ணத்தை எடுக்க வந்த பெரியவரை அந்த ஜெர்மானியப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். நல்ல உயரம், வெள்ளைக் கோட்டு, நெற்றியில் லேசாகத் திருநீறு. "இவருக்குச் சொந்த ஊர் எது என்று கேளுங்களேன்" என்றார் என்னிடம்.

கேட்டேன். கேட்பதுதான் என் வேலை. மூன்று நாள் மொழிபெயர்ப்பாளராக இருக்கச் சம்மதித்து, முன்பணமும் வாங்கியிருந்தேன்.

மூணாறிலிருந்து சற்றுத் தள்ளி, ஐயாயிரம் அடிக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா. கணப்பில் யூகலிப்டஸ் கட்டை எரிந்துகொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். ஹாம்பர்க்கிலிருந்து தேயிலை வாங்க வந்த நால்வர். தோட்டத்தின் மானேஜர், அவருடைய உதவியாளர்கள் இருவர். எட்டாவது ஆள் நான். வந்தவர்களுக்கு அது வெளிநாட்டில் ஒரு வியாபார விருந்து. எனக்கு வெளிமாநிலத்தில் ஒரு வேலை. அந்தப் பெரியவருக்கு அது எந்த இடம் என்பதுதான் கேள்வி.

அவர் சொன்ன பதிலை நான் முழுதாக மொழிபெயர்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழியை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதே கேள்வியை அன்று காலையில் வேறோர் எல்லையூரில், தமிழ் பேசும் வேறொருவரிடம் நானே கேட்டிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

* * *

விருந்தாளிகள் அப்போதுதான் நெல்லியாம்பதி மலையைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டுக்கு இறங்கியிருந்தார்கள். நான் சென்னையிலிருந்து ரயிலில் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். தோட்டத்துப் பெண்களிடம் நேரடியாகப் பேச வேண்டும், தோட்டத்து ஆள் யாரும் இடையில் நின்று மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. பெண்களிடம் பேசுவதென்றால் மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் இந்த வாய்ப்பு எனக்கு வந்தது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு பாலக்காட்டு ஓட்டல் ஒன்றில். சர்வர் பையன் என்னிடம் தமிழில் பேசினான். பக்கத்து மேஜையில் மலையாளத்தில் பேசினான். சமையல்கட்டைப் பார்த்து இரண்டையும் கலந்து கத்தினான். "நாம் எல்லையைத் தாண்டிவிட்டோமா, இல்லையா?" என்று கேட்டார் ஜெர்மானியர்களில் இளையவர். வாளையாற்றிலேயே தாண்டியாயிற்று என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அவர் கேட்டதில் தவறில்லை. எம்.ஏ. தமிழ் படித்த நாளில் சங்கப் பாடல்களில் ‘மொழிபெயர் தேயம்’ என்று படித்திருக்கிறேன். வேங்கடத்துக்கு அப்பால், பேச்சு மாறிவிடும் நாடு. பொருள் தேடப் போகும் தலைவன் அங்கேதான் போவான். கூலிக்கு மொழிபெயர்க்கப் போகிறவளுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் பாலக்காட்டில் பேச்சு எந்த இடத்தில் மாறுகிறது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடு நின்று, தெற்கே ஆனைமலையில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத வெட்டவெளி. காற்றும் வண்டியும் வியாபாரமும் வந்துபோன வாசல் அது. மொழி மட்டும் எப்படி வாசலில் நின்றுவிடும்?

கோடு போட்டவர்கள் வேறு. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. ஊரும் வயலும் நின்ற இடத்திலேயே நின்றன. மேலே இருந்த பெயர்தான் மாறியது.

மறுநாள் காலை ஜீப் பொள்ளாச்சி சாலையில் கிளம்பியது. எலப்புள்ளி வந்ததும், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-ல் பிறந்த ஊர் இது என்று விருந்தாளிகளுக்குச் சொன்னேன். அவர் யார் என்று விளக்கி முடிப்பதற்குள் கொழிஞ்சாம்பாறை வந்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறையில் கடை போர்டுகளில் இரண்டு மொழியும் இருக்கின்றன. டீக்கடை பெஞ்சில் தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு அப்படியே கொங்குத் தமிழ். டீயை ஆற்றிக் கொடுத்தவரிடம், "சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டேன்.

"இதானுங்க ஊரு. வேற எந்த ஊருங்க?" என்றார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவருக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் காரை வீடு கட்டியிருக்கிறார். கவலை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆழியாற்றுத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்பது ஒரு கவலை. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். தமிழ்நாடு தண்ணீர் விடவில்லை என்று தமிழில் திட்டினார். இன்னொரு கவலை மகனைப் பற்றியது. "தமிழ் மீடியத்துல படிச்சானுங்க. இப்ப வேலைப் பரிட்சைக்கு மலையாளத்துல உக்காந்து முட்டிக்கிறானுங்க" என்றார்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. சட்டம் சொல்வதற்கும் தாலுகா ஆபீஸ் கவுண்ட்டரில் நடப்பதற்கும் உள்ள தூரம் எல்லா மாநிலங்களிலும் உள்ளதுதான். ஆனால் இந்தக் கவலைகள் எல்லாம் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு படுகிற கவலைகள். ஊர் எது என்ற கேள்வி அவரை அசைக்கவில்லை.

* * *

கோபாலபுரத்தில் மறுபடி தமிழ்நாடு. பொள்ளாச்சியைத் தாண்டும்போது தெற்கே ஆனைமலை எழும்பி நிற்கிறது. அதன் மேல்தான் வால்பாறைத் தோட்டங்கள். அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், பல ஆண்டுகள் கழித்து இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. கங்காணி பேச்சை நம்பி மலையேறியவர்களின் கதை அது. தமிழர்கள் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதி, பிறகு தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்ததே என்று படித்த நாளில் நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படிப்பட்ட நினைப்புதான் வரும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து சாலை தெற்கே திரும்புகிறது. சின்னாறு பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட், அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். மறுபடி கேரளம். மழை மறைவுப் பகுதியாதலால் முள்மரமும் பாறையுமாக இருக்கிறது காடு. மறையூர் வந்ததும் வெல்லம் காய்ச்சும் வாசனை ஜீப்புக்குள் வருகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம். சந்தனக் காட்டைச் சுற்றிக் கம்பி வேலி. பாறைமேல், கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய பழங்காலத்து முனியறைகள்.

மறையூர், காந்தலூர் முதலிய ஊர்கள் அஞ்சுநாடு என்று பெயர் பெற்றவை. மதுரைப் பக்கமிருந்து எப்போதோ மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று இங்குள்ள வேளாளர் குடும்பங்கள் சொல்கின்றன. தமிழ் பேசுகிறார்கள். கரும்பும் பூண்டும் போடுகிறார்கள். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்டேன். "காந்தலூரு" என்றார், கொழிஞ்சாம்பாறைக்காரரைப் போலவே யோசிக்காமல். அவருக்கும் நிலம் இருந்தது.

மறையூரைத் தாண்டி மேலே ஏற ஏற, காட்சி மாறுகிறது. கத்தரித்துவிட்ட மாதிரி தேயிலை. மலைச்சரிவெங்கும் பச்சைப் பாய். பாயின் மடிப்புகளில் நீளநீளமாக ஓட்டு வரிசைகள். அவைதான் லயங்கள்.

இந்த மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து 1877-ல் குத்தகையாகப் பெற்றார். கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி 1897-ல் உருவாயிற்று. காடழிக்கவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் கீழேயிருந்து, திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து, வந்தார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. பிறகு கட்டவே இல்லை.

மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு இரண்டும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் கிடைத்தன. இவை இரண்டும் கேரளத்தில் நின்றுவிட்டன. இரண்டே ஆண்டுகளில், 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தமிழில் பாடிக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். மலையாளச் சட்டசபைக்குப் போகும் வழியில் தமிழ்ப் பாட்டு வேண்டியிருந்தது.

* * *

அன்று பிற்பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களோடு. தலையில் துண்டு, இடுப்பில் கெட்டியான படுதா, காலில் ரப்பர் பூட்ஸ். ஜெர்மானியர்கள் கேட்டார்கள், நான் தமிழில் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அட்டை கடிப்பது, முழங்கால் வலி, பிள்ளைகள் படிப்பு. 2015 செப்டம்பரில் மூணாறை ஒன்பது நாள் நிறுத்திவைத்தார்களே, அந்தப் பெண்கள் போராட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். பெம்பிளை ஒருமை என்று பின்னால் பெயர் பெற்ற போராட்டம். சங்கத் தலைவர்களையே கிட்டே விடாமல் தெருவில் உட்கார்ந்து, 20 சதவீதத்துக்கு ஈடான போனஸ் வாங்கியவர்கள். அப்போது தினக்கூலி 232 ரூபாய். பிறகு 301 ஆயிற்று. "அப்ப நானும் உக்காந்திருந்தேன்" என்றாள் ஒருத்தி, பெருமையாக. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தி இருந்தது.

இரவு எட்டு மணிக்கு விருந்து. போகும் வழியில் மானேஜர் மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பைப் பற்றிச் சொன்னார். 1909-ல் தொடங்கியது. அதன் பாரில் சுவர் முழுக்கப் பழைய தொப்பிகள் மாட்டியிருக்கின்றன. இந்த மலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த தோட்டக்காரர் தன் தொப்பியை அங்கே மாட்டலாம் என்பது வழக்கம். விருந்தாளிகள் ரசித்துக் கேட்டார்கள். நானும்தான்.

தோட்டத்து பங்களா விருந்துக்கென்று ஒரு முறை உண்டு. வெள்ளைக்காரத் துரை போய் எத்தனையோ வருஷமாயிற்று. அவர் சாப்பிட்ட வரிசை போகவில்லை. முதலில் தக்காளி சூப், மேலே பொரித்த ரொட்டித் துண்டுகள். பிறகு கட்லெட், பிறகு கோழி ரோஸ்ட். கேரளத்துக்கு அடையாளமாக ஆப்பமும் ஸ்டூவும். கடைசியில் கேரமல் கஸ்டர்ட். எல்லாம் அந்தப் பெரியவர் கைவண்ணம். பட்லர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதில் பாத்திரம் துலக்க வந்தவராம். இடப்பக்கமாகப் பரிமாறி வலப்பக்கமாக எடுத்தார். தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

பேச்சு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. விலை, ஏலம், மழை, கென்யாத் தேயிலை. மேஜையில் என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்மணி கேட்டார். மரியாதைக்காகக் கேட்ட கேள்வி. பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாப்பிடுவது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"சொந்த ஊர் எதுங்கன்னு கேக்கறாங்க" என்றேன்.

பெரியவர் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தாத்தா காலத்துலருந்து இங்கதாம்மா. நான் பொறந்தது இந்த லயத்துலதான். ஆனா சொந்த ஊருன்னு சொல்லிக்கிற முடியாது. வர்ற பங்குனியோட வேலை முடியுது. லயத்த ஒப்படைச்சிரணும். திருநெல்வேலிப் பக்கம்பாங்க, அங்க எனக்கு யாரு இருக்கா? எங்க போறதுன்னுதான் தெரியல."

மேஜை அமைதியாக இருந்தது. ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தது. மானேஜர் கோட்டயம் பக்கத்துக்காரர். இருபது வருஷத் தோட்ட வாழ்க்கையில் தமிழ் நன்றாகவே வரும். அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது இதுதான்: "இவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறது. இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்."

"அடடா, எவ்வளவு அழகான விஷயம்!" என்றார் பெண்மணி. இளையவர் கண்ணாடிக் கோப்பையை உயர்த்தினார். எல்லோரும் உயர்த்தினார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கும்பிட்டார். மானேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நன்றி என்று அர்த்தம். அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தலையசைப்புதான்.

தோட்டத்து ஆள் இடையில் நிற்கக் கூடாது என்றுதான் என்னைச் சென்னையிலிருந்து கூட்டி வந்தார்கள். மத்தியானம் வெயிலில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அது சுலபமாக இருந்தது. ஒருவருடைய உப்பைத் தின்றுகொண்டு, அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்திருக்கும்போது நானே தோட்டத்து ஆளாகிவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்று எனக்கே தோன்றியதுதான் காரணம்.

* * *

சாப்பாடு முடிந்து எல்லோரும் கணப்பருகே போனதும் சமையல்கட்டுக்குப் போனேன். பெரியவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரை உட்காரச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க சொன்னத முழுசா சொல்லல. மன்னிச்சிக்கணும்."

"தெரியும்மா. முப்பது வருஷமா இங்கிலீஷ் கேட்டுக்கிட்டுல்ல நிக்கிறேன்" என்றார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பிறகு சொன்னார்: "நான் உங்ககிட்டதாம்மா சொன்னேன். அவங்ககிட்டச் சொல்லல. தமிழ்ல கேட்டீங்க, வாயில வந்துருச்சு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு குழாய் மாதிரி, இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வர வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குழாயிடமே ஒருவர் பேசுவார் என்று நினைத்ததில்லை. மறைத்தது தப்பா, அல்லது சொல்லியிருந்தால் தப்பாகியிருக்குமா என்று குழம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால் அதே லயத்தில் இருக்கலாம். அதற்காகவே படித்த பிள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு என்றார். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். திரும்பி வர மாட்டார். "வரக் கூடாதுன்னுதாம்மா படிக்க வச்சேன்" என்றார்.

லயம் என்பது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு நடை. குடும்பத்தின் உடைமை எல்லாம் அதற்குள்தான். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லய வரிசைகள் புதைந்தன. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 70 பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். சாவுச் செய்தியில்தான் அவர்களுக்கு ஒரு சொந்த ஊர் எழுதப்பட்டது.

பேரனுக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்களாம். தோட்டத்துப் பழைய பேரேட்டில் தாத்தா பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். இது இவருக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. தேவிகுளம் தனித்தொகுதி. 2021-ல் அங்கே வென்ற ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். அவர் பட்டியல் ஜாதி இடத்துக்குத் தகுதியானவர் இல்லை என்று 2023-ல் கேரள ஹைகோர்ட் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் வேறு விஷயங்களும் இருந்தன. ஆனால் முன்னோர் மலைக்கு எப்போது வந்தார்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கே அந்த நிலைமை என்றால் பட்லருக்கு எப்படி இருக்கும்?

"நாளைக்கு அந்த அம்மாகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்வதென்று தீர்மானித்திருந்தேன்.

டீயைக் குடித்து முடிக்கும் வரை பதில் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "எம் பேரு சொல்லாமச் சொல்லுங்க. எல்லாருக்கும் உள்ளதுதான இது."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் தோட்டத்தின் பெயர் இல்லை. மாதத்தையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

* * *

மறுநாள் காலை பனி விலகாத நேரத்தில் லயங்களின் பக்கம் நடந்தோம். அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். நேற்று ஒரு பதிலில் பாதியை விட்டுவிட்டேன், யார் சொன்னது என்று கேட்காதீர்கள், இங்கே பலர் சொல்லக்கூடியதுதான் என்று ஆரம்பித்து, விட்டுப்போனதைச் சொன்னேன். அவருக்கு யார் என்று தெரியாமல் இருந்திருக்காது. நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "நான் அதற்குக் கோப்பையை உயர்த்தினேனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காலை டீயின்போது மானேஜரிடம் அவர் பொதுவாகத்தான் கேட்டார்: ஓய்வு பெறுகிறவர்கள் எங்கே போகிறார்கள்? மானேஜர் மழுப்பவில்லை. சிலர் கீழே தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறார்கள், சிலர் பிள்ளைகளோடு போகிறார்கள், சிலருக்குப் போக இடம் இல்லை என்றார். "எனக்கும் அப்படித்தான். ரிட்டயரான அன்று இந்த பங்களாவைக் காலி செய்ய வேண்டும். ஆனால் நான் கோட்டயத்தில் வீடு கட்டிவிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து மலையாளம் கலந்த தமிழில், "நேற்றே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார். அந்தத் தலையசைப்புக்கு நான் கொடுத்த அர்த்தம் சரிதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இதனால் யாருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. ஹாம்பர்க்குக்குப் போன நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. கொழிஞ்சாம்பாறையிலும் காந்தலூரிலும் தோட்டத்திலும் ஒரே மொழி. மூன்றும் ஒரே மாநிலம். இரண்டு இடத்தில் ஊர் எது என்ற கேள்விக்கு உடனே பதில் வந்தது, ஓரிடத்தில் வரவில்லை. தமிழன் அந்நிய மாநிலத்தில் இருக்கிறான் என்று நாம் எளிதாக வருத்தப்பட்டுவிடுகிறோம். மொழி மாறுவதாலோ செக்போஸ்ட்டைத் தாண்டுவதாலோ ஒருவருக்கு இடம் அந்நியமாவதில்லை. வேலை முடிந்த மறுநாள் கதவைத் தாழிட்டுப் படுக்க ஒரு சுவர் இல்லாவிட்டால், பிறந்த இடமே வெளிநாடுதான்.

திரும்பி வரும்போது சின்னாறு செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். ஜெர்மானியர்களின் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு என்னிடம், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"சென்னை" என்றேன். நான் பிறந்தது அங்கே இல்லை. இருப்பது வாடகை வீடு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பங்குக்கு ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனாலோ என்னவோ, பதில் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.